என் தீனி, அவள் கை

அந்தக் குதிரை சாப்பிட்டது நான் கணக்குப் போட்ட தீனியை. கொள்ளு எவ்வளவு, ஓட்ஸ் எவ்வளவு, கோதுமைத் தவிடு எவ்வளவு, உப்பு எவ்வளவு, கொள்ளை எந்தப் பதத்தில் வேகவைத்து எந்தச் சூட்டில் வைப்பது, எல்லாம் நான் எழுதிக் கொடுத்தது. ஆனால் அது சாப்பிட்டது இன்னொருத்தி கையால். நான் தொட்டியை வைத்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளும். அவள் அதே தொட்டியை எடுத்து அதே இடத்தில் மறுபடி வைத்தால், மூக்கை உள்ளே விட்டு அடி வரை தின்று தீர்க்கும். பொறாமை உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இடது பக்கம், விலா எலும்புக்குக் கொஞ்சம் கீழே.

மல்லாபூரைத் தாண்டி, தொழிற்சாலைச் சுவர்கள் முடிந்து பாறையும் சீத்தாமரங்களும் தொடங்கும் இடத்தில் எங்கள் லாயம் இருந்தது. பாம்புக்கடிக்குப் போடுகிற ஊசி மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்துதான் கிடைக்கிறது. குதிரைக்கு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பழக்கி, பிறகு கழுத்து நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, அதிலிருந்து மருந்தைப் பிரிப்பார்கள். எங்களிடம் இருந்தவை உயர்ந்த சாதிப் பந்தயக் குதிரைகள் அல்ல. தக்காணத்து மட்டக்குதிரைகள். சந்தையில் வண்டிக்காரர்களிடமும் மூட்டை சுமப்பவர்களிடமும் வாங்கியவை. வாங்கும்போதே சில சினையாக இருக்கும். ரத்தம் எடுக்க ஆரம்பித்த பிறகுதான் வயிறு காட்டிக்கொடுக்கும். சினை என்று தெரிந்ததும் அந்தக் குதிரையிடம் ரத்தம் எடுப்பதை நிறுத்தி, வேப்பமரங்களுக்குப் பின்னாலிருந்த தனி லாயத்துக்கு அனுப்பிவிடுவார்கள். சினை லாயம் என்றால் அதுதான்.

நான் ரசாயனம் படித்து, கால்நடைத் தீவனப் பரிசோதனையில் பயிற்சி பெற்று, தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தவள். என்னோடு அதே வாரம் இன்னொருத்தியும் சேர்ந்தாள். அவளுடைய தாத்தா காலத்திலேயே அரக்கோணத்திலிருந்து ரயில்வே பட்டறை வேலைக்கு வந்த குடும்பம். லாலாகுடா குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேச ஆரம்பித்தால் தெலுங்கில் நடந்து உருதுவில் முடிப்பாள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். அப்பாவுக்கு மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் வேலை மாற்றலானதால் ஹப்சிகுடாவில் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள். பஸ் கண்டக்டரிடம் சில்லறை கேட்பதற்குள் எனக்கு இறங்கும் இடம் வந்துவிடும். அவள் அதே கண்டக்டரிடம் அவருடைய மனைவிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருப்பாள்.

எங்கள் இருவருக்கும் காலை வேலை வேறு வேறு. நான் ரத்தம் எடுக்கும் அறையில் இருந்தேன். குதிரையைக் கட்டைகளுக்கு நடுவில் நிறுத்தி, கழுத்தில் மயிரைச் சிரைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, ஊசியை ஒரே குத்தில் நரம்புக்குள் விட வேண்டும். எனக்குக் கை நடுங்காது. லாயத்துக் கால்நடை டாக்டரே சில நாள் என்னைக் குத்தச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிற்பார். அவளுக்கு ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வரும். முதல் நாளே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆகவே தீவன ஸ்டோருக்கு அனுப்பினார்கள். தவிட்டுத் தூசியில் இருமிக்கொண்டு மூட்டை எண்ணுகிற வேலை. அதைக் குறைந்த வேலை என்று நான் நினைத்தேன். மத்தியானத்துக்கு மேல் இருவரும் சினை லாயத்துக்குப் போக வேண்டும். அங்கேதான் கணக்கு தலைகீழானது.

சினை லாயத்துக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்றும், அந்தக் கோடைக்குட்டிகள் பிறந்த பிறகு எங்கள் இருவரில் ஒருவரை நியமிக்கப் போவதாகவும் டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு அந்தப் பொறுப்பு வேண்டும். வேறு எதையும் அந்த வயதில் நான் அப்படி விரும்பவில்லை. ரத்தம் எடுப்பது என் கைக்கு வந்தது, மனதுக்கு வரவில்லை. தீனி மனதுக்கு வந்தது. இரவில் படுத்துக்கொண்டு நான் யோசித்தது அதைத்தான். மட்டக்குதிரை கொஞ்சம் புல்லிலேயே கொழுத்துப் போகிற பிராணி. சினையின் முதல் மாதங்களில் அதிகம் கொடுத்தால் கொழுப்பு ஏறி, ஈனும்போது கஷ்டம். கடைசி மூன்று மாதத்தில்தான் குட்டி வேகமாக வளரும். அப்போது சத்து கூட வேண்டும், ஆனால் குட்டி வயிற்றை அடைத்துக்கொண்டிருப்பதால் தீனிக்கு இடம் இருக்காது. எனவே கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாக. குதிரைமசால் பச்சையாக. பூஞ்சை பிடித்த வைக்கோல் ஒரு பிடிகூடக் கூடாது. ஈனுவதற்கு நெருக்கத்தில் ஆளிவிதை வேகவைத்த தவிட்டுக் கஞ்சி. இதையெல்லாம் நான் எழுதி லாயத்துச் சுவரில் ஒட்டியிருந்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்ல என் அண்ணி மாசமா இருந்தப்ப யாரும் இப்டி எழுதி ஒட்டலடி" என்றாள்.

சினையாக இருந்தவற்றில் நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள செம்பழுப்புக் குதிரைதான் மூத்தது. வயிறு இரு பக்கமும் பீப்பாய் மாதிரி தள்ளியிருக்கும். அதுதான் என்னைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டது. மற்றவை பாதி தின்று பாதி விட்டன. அவள் போனால் எல்லாம் காதை முன்னால் நீட்டும். சுட்டிக்குதிரை அவள் ஸ்டோர் கதவைத் திறக்கும் சத்தத்துக்கே கனைக்கும். அவள் அதன் தாடையைச் சொறிந்துகொண்டு, "நக்கோ, நக்கோ, மெதுவா" என்று கொஞ்சுவாள். அவசரப்படாதே என்று சொல்கிறாளாம். குதிரைக்கு அந்த நக்கோ புரிந்தது. என் செந்தமிழ் புரியவில்லை.

லாயத்தைக் கவனித்துக்கொண்ட பெரியவரை எல்லோரும் சாச்சா என்று கூப்பிடுவோம். ரத்தம் எடுக்கும்போது குதிரையின் தலையைப் பிடித்துக்கொள்பவரும் அவர்தான். சுட்டிக்குதிரை அவரிடமும் முறைப்பாகத்தான் இருந்தது. அவர் அதற்காக வருத்தப்படவில்லை. கண்ணாடி போட்ட பெண்களைக் குதிரைக்குப் பிடிக்காது என்பது அவர் முடிவு. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போய்ப் பார்த்தேன். குதிரை திரும்பிக்கொண்டது. நான் தண்ணீர் வாளியில் கால் வைத்தேன்.

என் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயம் உண்டு. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வை, விளைவைப் பார். பொறாமைக்கும் அதே முறையைக் கையாண்டேன். அவளிடம் இருப்பது என்ன, என்னிடம் இல்லாதது என்ன? கண்ணாடி வளையல். அம்மாவிடம் ஒரு டஜன் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். குதிரை திரும்பிக்கொண்டது. அடுத்து பூ. அவள் எப்போதும் கனகாம்பரம் வைத்திருப்பாள், குதிரை ஒரு முறை அதைக் கடித்து இழுத்ததுகூட உண்டு. பூ வைத்துக்கொண்டேன். அம்மா வாசலில் நின்று, "ஏட்டி, குதிரைய பாக்கப் போறியா, மாப்பிள்ளைய பாக்கப் போறியா?" என்று கேட்டாள். கேட்ட தொனியில் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. சாச்சா என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "க்யா பேட்டி, ஆஜ் ஷாதி ஹை?" என்று எனக்குக் கல்யாணம் நிச்சயித்தார். குதிரை திரும்பிக்கொண்டது. கடைசியாக அவள் பேச்சு. யாரும் இல்லாத நேரம் பார்த்து, திருநெல்வேலி நாக்கால் நக்கோ நக்கோ என்றேன். குதிரை ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பியது. அதோடு சரி.

மிச்சம் இருந்தது வெல்லம். அவள் முந்தானையில் ரகசியமாக வெல்லம் முடிந்துவைத்துக் கொடுக்கிறாள் என்று நான் உறுதியாக நம்பினேன். அது மட்டும் நிரூபணமானால் என் தீனித் திட்டத்தை மீறியதற்காக டாக்டரிடம் சொல்லலாம். ஸ்டோரில் வெல்லப் பானையை எடை போட்டுப் பார்த்தேன். குறையவில்லை. அவள் கை கழுவப் போனபோது மேஜை மேலிருந்த அவளுடைய டிபன் டப்பாவைத் திறந்து பார்த்தேன். தயிர்சாதமும் மாவடுவும் இருந்தன. மூடும்போது அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"பசிக்குதா? ஹவ், எடுத்துக்கோ" என்று நான் ஆமாம் சொன்ன மாதிரி அவளே சொல்லிக்கொண்டாள். கிண்டலா, நிஜமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. எடுத்துக்கொண்டேன். மாவடு நன்றாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

சித்திரை வெயிலில் அவளுக்கு அம்மை போட்டது. அவள் தம்பி வந்து கேட்டில் சொல்லிவிட்டுப் போனான். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். இனி குதிரைக்கு வேறு வழியில்லை, என் கையால்தான் சாப்பிட்டாக வேண்டும் என்று நினைத்தேன். அன்றைக்குச் சுட்டிக்குதிரை தொட்டியைத் தொடவில்லை. மறுநாள் காலை புல்லில் நாலு வாய் கடித்துவிட்டு நிறுத்திக்கொண்டது. தவிட்டுக் கஞ்சி புளித்து ஈ மொய்த்தது. ஈனும் நாள் நெருங்கி, மடி கட்ட ஆரம்பித்திருந்த நேரம் அது.

டாக்டர் வந்து பார்த்தார். குதிரையின் ஈறை விரலால் அழுத்தினார், வயிற்றில் காது வைத்துக் கேட்டார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டு, கொழுத்த மட்டக்குதிரை சினையின் கடைசியில் தீனியை விட்டால் என்ன ஆகும் என்று விளக்கினார். உடம்பு தன் கொழுப்பையே கரைத்துக்கொள்ளும். அது ரத்தத்தில் இறங்கி ரத்தம் பால் மாதிரி ஆகிவிடும். அப்புறம் மருந்து கிடையாது, தாயும் போகும், குட்டியும் போகும். எப்படியாவது சாப்பிட வை, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டுவிட்டது. ஆகவே அன்று வேலை முடிந்ததும் நேராக லாலாகுடாவுக்குப் போனேன். அவள் உடம்பை விசாரிக்கப் போகவில்லை. அவளிடமிருந்து அந்த ரகசியத்தைப் பிடுங்கத்தான் போனேன்.

வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. அவள் அம்மா கதவைத் திறந்தவர், நான் படியில் கால் வைத்ததும் மூக்கைச் சுளித்தார்.

"எங்கேந்தும்மா வர்ற? ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வர்றியா?"

லாயத்திலிருந்து என்றேன். அவர் நம்பவில்லை. அம்மன் வந்திருக்கிற வீட்டில் தாளிக்கக்கூட இல்லை, சோப்பு வாசனைகூட ஆகாது, இப்படி மருந்து நெடியோடு உள்ளே வரக்கூடாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு சொம்பில் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர் கொண்டுவந்து, என் கையிலும் காலிலும் அவரே ஊற்றினார். நான் முழங்கை வரை தேய்த்துக் கழுவினேன்.

அவள் உள்ளறையில் தரையில் வேப்பிலை பரப்பிய வேட்டி மேல் படுத்திருந்தாள். முகமெல்லாம் கொப்புளம். என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. நான் சுற்றி வளைக்கவில்லை.

"உள்ளத சொல்லு. நீ அதுக்கு என்ன குடுக்க?"

"எதுக்கு?"

"சுட்டிக்கு. ரெண்டு நாளா பட்டினி கெடக்கு. வெல்லமா?"

"நீ எழுதி ஒட்னத தாண்டி குடுத்தேன். வேற இன்னா குடுப்பேன்?" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ரெண்டு நாளாவா? கைக்கு, ஏண்டி மொதல்லயே சொல்லல?"

தனக்காக அவள் அழவில்லை, குதிரைக்காக அழுதாள். அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. பக்கத்தில் குனிந்து அவள் கண்ணைத் துடைக்கப் போனேன். என் புடவைத் தலைப்பு அவள் முகத்தருகே வந்ததும் அவள் உடம்பு இறுகியது.

"தள்ளிப் போடி. ஊசி போட்ற ரூம் நாத்தம். கொமட்டுது" என்று சொல்லிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்தத் திருப்பலை நான் நன்றாக அறிவேன். எத்தனையோ மத்தியானம் தொட்டியோடு நின்று அதைப் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் என் கையை முகர்ந்து பார்த்தேன். வேப்பிலைக்கு அடியில் ஸ்பிரிட் இருந்தது, புடவையில் இருந்தது, ஜடையில்கூட இருந்தது. நானோ தீனி கலப்பதற்கு முன்னால் சுத்தத்துக்காக ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிக் கை கழுவிக்கொண்டு போவேன். அந்தக் குதிரைக்கு அந்த வாசனை வந்தால் அடுத்தது கழுத்தில் ஊசி. வளையல், பூ, நக்கோ எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தவள், எனக்கு நல்ல பழக்கம் என்று தோன்றிய ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கவில்லை. அவள் கையில் எந்த மாயமும் இல்லை. தவிட்டு வாசனை இருந்தது, அவ்வளவுதான். இதை நினைத்ததும் எனக்கு வந்த நிம்மதி, குதிரை பிழைக்கும் என்பதால் வந்தது பாதி. அவள் ஒன்றும் ஒசத்தி இல்லை என்பதால் வந்தது மீதி.

மறுநாள் சீயக்காய் தேய்த்துக் குளித்து, பெட்டியின் அடியிலிருந்த பழைய நூல் புடவையைக் கட்டிக்கொண்டு, ரத்தம் எடுக்கும் அறைப் பக்கமே போகாமல் நேராக லாயத்துக்குப் போனேன். கைகளைத் தவிட்டில் புதைத்துத் தேய்த்தேன். சாச்சாவை எட்ட நிற்கச் சொன்னேன். அவர் தன் வயதுக்கு இது மரியாதையில்லை என்று முனகிக்கொண்டே மரத்தடிக்குப் போனார். சுட்டிக்குதிரை என்னைப் பார்த்ததும் வழக்கம்போலத் திரும்பிக்கொண்டது. நான் தொட்டியை வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். தோள் வலித்தது. கொஞ்ச நேரம் கழித்து அதன் மூக்கு மட்டும் திரும்பியது. என் கையை முகர்ந்தது, தோளை முகர்ந்தது, ஜடையைப் பெருமூச்சு விட்டு முகர்ந்தது. பிறகு தலையைத் தொட்டிக்குள் விட்டது.

அவள் இல்லாத நாட்களில் ரத்தம் எடுக்கும் அறைக்கு என்னை அனுப்பவேண்டாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன். காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. குதிரை சாப்பிடுகிறது, அது போதும் என்று விட்டுவிட்டார். நான் எழுதியதை நானே கலந்து நானே கொடுத்தேன். எல்லாக் குதிரையும் தொட்டியை நக்கி வைத்தன. என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல நாட்கள் அதற்கு முன் இருந்ததில்லை.

பிறகு அவள் திரும்பி வந்தாள். கன்னத்தில் தழும்போடு, கொஞ்சம் இளைத்து, கேட்டருகே சாச்சாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அந்தச் சத்தம் கேட்டதும் சுட்டிக்குதிரை என் கையிலிருந்த தொட்டியை விட்டுத் தலையைத் தூக்கிக் கனைத்தது. அத்தனை நாளில் எனக்காக அது ஒரு முறைகூடக் கனைத்ததில்லை. என் கண்டுபிடிப்பு தீனியை விளக்கியது. கனைப்பை விளக்கவில்லை.

அந்த வாரமே ஒரு விடியற்காலையில், நாங்கள் யாரும் வருவதற்குள், அது ஈன்றது. நான் போனபோது குட்டி நனைந்த காலில் நின்று மடியைத் தேடிக்கொண்டிருந்தது. அதற்கும் நெற்றியில் வெள்ளை. பால் தாராளமாக இருந்தது. டாக்டர் சந்தோஷமாக எங்கள் இருவரையும் தன் அறைக்கு அழைத்தார். சாப்பிட மாட்டேன் என்ற குதிரையை எப்படி வழிக்குக் கொண்டுவந்தாய் என்று என்னைக் கேட்டார்.

பொறுமையாக நின்றேன் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. சினை லாயம் அன்றே எனக்குக் கிடைத்திருக்கும். ஆனால் சினை லாயத்தில் இன்னும் குதிரைகள் இருந்தன. ஊசிக் கையோடு யார் போனாலும் அவை பாதி தின்று பாதி விடும். ஸ்பிரிட் வாசனை என்று சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்திலேயே இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முடிவு வரை சொன்னேன்.

டாக்டர் மேஜையைத் தட்டினார். இனிமேல் ரத்தம் எடுக்கும் அறையில் வேலை செய்கிற யாரும் சினை லாயத்துக்குள் போகக்கூடாது என்று உத்தரவு போட்டார். அடுத்த கேள்வியை யாரும் கேட்கவேண்டியதில்லை. கை நடுங்காமல் குத்தத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுகிறவள் என் பக்கத்தில் நின்றாள்.

அவள் பாதி தெலுங்கிலும் பாதி ஆங்கிலத்திலும் எனக்காக வாதாடினாள். தீனித் திட்டமே இவளுடையது, இவளுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றாள். திட்டத்தை வெளியிலிருந்தும் எழுதலாமே என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்து, "கோவமாடி?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன். "பொறாமை."

 அவள் என் கையை விடவில்லை.

இப்போதும் நான் ரத்தம் எடுக்கும் அறையில்தான் இருக்கிறேன். தீனித் திட்டம் எழுதி அனுப்புகிறேன், அவள் கொடுக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சினை லாயத்தின் மூங்கில் வேலி வரைக்கும் நடப்பேன். அதற்கு உத்தரவில் தடையில்லை. ஒரு நாள் அப்படி நின்றபோது குட்டி என்னிடம் வந்தது. தாய் எட்ட நின்று காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டது, ஆனால் குட்டிக்கு ஸ்பிரிட் என்றால் என்னவென்று தெரியாது. அதன் கழுத்தில் யாரும் இதுவரை கை வைத்ததில்லை. வேலி இடுக்கு வழியாக மூக்கை நீட்டி, என் வெள்ளைக் கோட்டின் கையை வாயில் கவ்விச் சப்பத் தொடங்கியது. லாயத்துக்குள்ளிருந்து அவள் தொட்டியைத் தட்டிக் கூப்பிட்டாள். குட்டி திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டாள், கொஞ்சம் உரக்க. அதன் பிறகு தொட்டியைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தபடி நின்றாள். அவள் சிரிக்கவில்லை. நான் கோட்டுக் கையை இழுத்துக்கொள்ளவில்லை.